துருத்தி அறையில் மூன்று தட்டு

அந்த இசை மண்டபத்தில் மொத்தம் எத்தனை பேய்கள் என்று தம்பியைக் கேட்டால், "அது வர்ற கூட்டத்தைப் பொறுத்து" என்பான். மாடிப்படியில் ஒரு பாடகி. ஒப்பனை அறையில் கண்ணாடியைத் துடைக்கும் ஒரு கை. பால்கனி மூன்றாம் வரிசையில் இருமிக்கொண்டே இருக்கும் ஒரு கிழவர். இந்த இருமல் கிழவர் மழைக்காலத்துக்கு மட்டும். நூற்றிருபது வருஷத்துக் கட்டடம், செத்தவர்களுக்கா பஞ்சம் என்று நீங்கள் கேட்கலாம். அங்கே ஒருத்தரும் சாகவில்லை ஐயா! எல்லாம் தம்பியின் நாக்கில் பிறந்து அங்கேயே வளர்ந்த உருப்படிகள்.

கூட்டத்தை இழுத்துக்கொண்டு வந்த பேய் துருத்திக்காரர்தான். மேடைக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு ஆர்கன் நிற்கிறது. ஈயத்திலும் மரத்திலும் ஆயிரத்துச் சொச்சம் குழல்கள். அத்தனைக்கும் மூச்சு வேண்டும். மின்சாரம் வராத காலத்தில், பின்னால் இருக்கும் அறையில் ஆட்கள் நின்று துருத்தி மிதித்தார்களாம். ஒரு கச்சேரியன்று அதில் ஒருவருக்கு நெஞ்சு அடைத்ததாம். வாய் பேச வராமல் பலகையை மூன்று முறை தட்டினாராம். சபையோர் அதையும் பாட்டோடு சேர்ந்த தாளம் என்று நினைத்துக் கைதட்ட, அந்தக் கைதட்டலிலேயே அவர் உயிர் போயிற்றாம். தம்பி இதைச் சொல்லும்போது அவனுக்கே கண் கலங்கும். சும்மா சொல்லக் கூடாது, பிழைக்கத் தெரிந்தவன். ஆனால் கதை அண்டப் புளுகு.

மூன்று தட்டு மட்டும் புளுகு இல்லை. ஆர்கன் பழுது பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே குழல்களுக்கு நடுவே, ஒருவர் வெளியே, வாசிக்கும் கட்டைகளுக்கு முன்னால். உள்ளிருந்து கத்தினால் வெளியே ஒழுங்காகக் கேட்காது. அதனால் தட்டுதான் பேச்சு. ஒரு தட்டு, அடுத்த கட்டையை அழுத்து. இரண்டு தட்டு, நிறுத்து. மூன்று தட்டு, விசையைப் போடு, மின்விசிறி சுற்றித் துருத்திக்குக் காற்று வரட்டும். அப்பா ஏற்படுத்திய முறை இது. அப்பா உள்ளே போவார், பிள்ளைகள் இருவரும் வெளியே நிற்பார்கள். அப்பாவுக்குப் பிறகு அக்கா உள்ளே, தம்பி வெளியே. கால்சட்டை நிற்காத வயதிலேயே மூன்று தட்டுக் கேட்டதும் ஓடிப் போய்ச் சிவப்பு விசையைப் போடக் கற்றுக்கொண்டவன் அவன்.

பிறகு தம்பிக்கு மண்டபத்தைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி வேலை கிடைத்தது. ஒருநாள் அக்கா உள்ளிருந்து தட்டியபோது மண்டபத்தில் நின்றிருந்த நாலு பேர் வீல் என்று அலறினார்கள். தம்பி அவர்கள் முகத்தைப் பார்த்தான். அவ்வளவுதான், துருத்திக்காரர் பிறந்துவிட்டார்.

அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. ஒன்றரை வருஷம் அவனுக்காக உள்ளே உட்கார்ந்து தட்டினாள். வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரே தம்பி, எட்டு வயது இளையவன், தூக்கி வளர்த்தவன், கேட்டால் எதைத்தான் இல்லை என்றாள்? ஆனால் ஒருநாள் வாசலில் புதிய சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். துருத்திக்காரரின் படம் என்று அதில் அப்பாவின் படம்!

"என்னடா இது?"

"மூஞ்சி பொருத்தமா இருந்துச்சுக்கா. அந்தப் பழைய கோட்டு, மீசை..."

"அப்பா வீட்ல, கட்டில்ல, நம்ம ரெண்டு பேர் மடியில செத்தார்டா. வெந்நீர் ஆறிப்போச்சுன்னு என்னைத் திட்டிட்டுச் செத்தார். அவரைப் பேயாக்கிட்டியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"அவருக்கு என்ன நஷ்டம்? ஊரே அவர் முகத்தைப் பார்க்குது."

அன்றோடு அக்கா தட்டுவதை நிறுத்தினாள். தம்பி கெஞ்சினான், கோபித்தான், மூன்று மாதம் பேசாமல்கூட இருந்தான். அவள் மசியவில்லை. தட்டுச் சத்தம் போனதும் பார்க்க வருகிறவர்களும் குறைந்தார்கள்.

ஆர்கன் வாசித்துப் பதினொரு வருஷம் ஆகிறது. துருத்தியின் தோல் கிழிந்துபோய் அப்படியே கிடந்தது. பழைய நிர்வாகத்திடம் வாய்மொழியாக அனுமதி வாங்கிக்கொண்டு, ஓய்வு நாட்களில் வந்து அக்கா தானாகவே சீர்படுத்திக்கொண்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை, யாரும் கூலி தருவதாகவும் சொல்லவில்லை. அப்பா கை வைத்த ஆர்கன் ஊமையாகக் கிடப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. இப்போது நிர்வாகக் குழு மாறிவிட்டது. புதியவர்களுக்கு அக்காவைத் தெரியாது. துருத்தி அறை நாற்பது வருஷமாகத் திறக்கப்படவில்லை என்று தம்பி அவர்களிடம் அடித்துச் சொல்லியிருந்தான். அதற்காக அதன் சின்னக் கதவில் பெரிய துருப்பிடித்த பூட்டு ஒன்றையும் மாட்டியிருந்தான். பூட்டு என்னவோ பெரிசு. அது தொங்கிய கொண்டியின் ஆணிகள்தான் கையோடு வரும்.

அன்று பதினோரு மணிக்குக் குழுத் தலைவரும் மற்றவர்களும் சுற்றிப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் தம்பி மண்டபத்தின் மேலாளர். பிடிக்காவிட்டால் சுற்றிக் காட்டும் வேலையே கிடையாது, மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள்.

"பத்தரைக்குள்ள கிளம்பிடு" என்றான் தம்பி, காலையில்.

"தோலுக்குப் பசை போட்டாச்சு. காயுறதுக்குள்ள விட்டா மொத்தமும் பாழ். நான் மூச்சுக் காட்டாம இருக்கேன், நீ உன் வேலையைப் பாரு."

"அப்படியே ஒரு மூணு தட்டு தட்டினா..."

"செருப்பு பிஞ்சிடும்."

அவன் சிரித்தான். சிவப்பு விசையில் அவள் தொங்கவிட்டிருந்த 'உள்ளே ஆள் இருக்கிறது' என்ற அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கைபேசி இருந்த அவளுடைய பையைத் திரைக்குப் பின்னால் தள்ளினான். பிறகு சின்னக் கதவைச் சாத்திப் பூட்டை மாட்டும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

துருத்தி என்றால் கொல்லன் பட்டறைத் துருத்தி இல்லை. ஒரு இரட்டைக் கட்டில் அகலம். மேல்பலகையின் மீது எட்டு இரும்புக் கட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தையின் கனம். சுற்றிலும் தோல் ஒட்டிய மர மடிப்புகள். காற்று வந்தால் மேல்பலகை தானாக எழும்பும், போனால் அமுங்கும். அக்கா அதை இரண்டு முட்டுக்கட்டைகளால் தூக்கி நிறுத்தி வைத்து, மடிப்புக்குள் இடக்கையை விட்டுத் தோலை நீவிக்கொண்டிருந்தாள். மூலையில் ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. எட்டி அழுத்தியபோது அவள் முழங்கை முட்டுக்கட்டையில் இடித்து அது சரிந்தது.

கண் மூடித் திறப்பதற்குள் பலகை இறங்கிவிட்டது. நாலு விரல்களும் மடிப்புக்குள் மாட்டிக்கொண்டன.

முதலில் அவளுக்குக் கத்தவே மூச்சு வரவில்லை. வந்த பிறகு கத்தினாள். வெற்று மண்டபம் யாருக்கு என்ன பதில் சொல்லும்? வலக்கையை நீட்டி எட்டிய இரண்டு கட்டிகளைத் தள்ளிக் கீழே போட்டாள். மற்ற ஆறும் எட்டவில்லை. தோளைக் கொடுத்துப் பலகையைத் தூக்கிப் பார்த்தாள், அசையவில்லை. அந்த விரல்கள்தான் அவள் பிழைப்பு. குழலின் உதட்டை அரை மயிரிழை வளைத்துச் சுருதிக்குக் கொண்டுவரும் விரல்கள். ஆனால் அவள் பதறிப்போகவில்லை. வழி ரொம்பச் சுலபம். யாராவது அந்தச் சிவப்பு விசையைப் போட்டால் போதும். காற்று வரும், பலகை எழும்பும், கை வெளியே வந்துவிடும். தம்பி இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவான்.

வந்தான். பேச்சுச் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம். அறையின் முன்பக்கம் முழுக்க மூடிக் கிடந்த மரச் சட்டங்கள், அவற்றின் விளிம்பில் சத்தத்தை அடக்கக் கம்பளித் துணி. ஒரு சட்டத்தில் மட்டும் விரல் அகலம் இடைவெளி இருந்தது. அதன் வழியே கட்டைகளும் சிவப்பு விசையும் தம்பியின் வலக்கையும் தெரிந்தன. அவள் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

பக்கத்தில் கிடந்த சுத்தியலை எடுத்துப் பலகையில் மூன்று முறை தட்டினாள்.

வெளியே யாரோ "ஐயோ" என்றார்கள். தம்பியின் பேச்சு சட்டென்று நின்றது. அவன் கை தானாக நகர்ந்து விசைக்கு மேலே போனதை அக்கா பார்த்தாள். நாற்பது வருஷப் பழக்கம், கை மறக்குமா? போடுடா ராஜா, என்று அவள் மனசுக்குள் சொன்னாள்.

கை அங்கேயே நின்றது. பிறகு மெல்லப் பின்வாங்கி, கால்சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"கேட்டீங்களா?" என்றான் தம்பி. குரலில் நடுக்கம் வேறு. "யாரும் பயப்படாதீங்க. தயவுசெஞ்சு கைதட்டாதீங்க. கைதட்டினா அவருக்குத் தாங்காது."

விளையாட்டுக்குத் தட்டுகிறேன் என்று நினைத்துவிட்டான், என்று அக்கா அவனுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். கோபம் தீர்ந்து உதவி செய்கிறாள் அக்கா என்று நினைத்திருப்பான், பாவம். மறுபடி மூன்று தட்டினாள். மறுபடி மூன்று. இடைவெளி விடாமல் மூன்று மூன்றாகத் தட்டினாள்.

"எனக்கே இது புதுசுங்க" என்றான் தம்பி. "இவ்வளவு வேகமா அவர் தட்டினதே இல்லை. இன்னைக்குப் பெரியவங்க வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சிருக்கும்."

தலைவர் "பிரமாதம்!" என்றார்.

"டேய் ஊசி!" என்று அக்கா தொண்டை கிழியக் கத்தினாள். சின்ன வயதில் அவன் ஒல்லிக்குச்சி, வீட்டில் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். உலகத்தில் இப்போது அந்தப் பெயர் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். "ஊசி, கை மாட்டிக்கிச்சுடா! விசையைப் போடுடா!"

கம்பளியும் மரமும் தின்றது போக மீதி வெளியே போயிற்று. ஒரு பெண் குரல், "ஊசின்னு கூப்பிட்ட மாதிரி இல்ல? அண்ணா, நிஜமாவே உள்ள யாரோ இருக்காங்க போல இருக்கு" என்றது. தலைவரின் தங்கை அவள்.

"அம்மா, இப்படி வந்து பாருங்க. பூட்டைப் பாருங்க" என்றான் தம்பி. "நாற்பது வருஷம். சாவிகூடக் கிடையாது."

"அப்போ ஊசி யாரு?"

தம்பி கொஞ்சம் யோசித்தான். யோசித்துச் சொன்னான் பாருங்கள், அதற்கே அவனுக்கு ஒரு சிலை வைக்கலாம்.

"துருத்திக்காரருக்கு ஒத்தாசைக்கு ஒருத்தன் இருந்தானாம்மா, அவன் பேரு. அவர் தட்டினது அவனுக்கு நல்லாவே கேட்டுச்சாம். ஆனா போகலையாம். அன்னைக்கு அவனுக்கு ஏதோ முக்கியமான வேலை. பாவம், அவன் நிலைமை அப்படி."

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அதற்குப் பிறகு அக்காவுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை. தெரிந்துதான் செய்கிறான். விசையைப் போட்டால் மின்விசிறி உறுமும், துருத்தி எழும்பும், உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடும், பூட்டும் நாற்பது வருஷமும் பொய் என்று ஆகிவிடும். அவ்வளவுதான் கணக்கு. அவளுக்கு அழுகையைவிட முதலில் வெட்கம்தான் வந்தது, இவனையா தூக்கி வளர்த்தோம் என்று.

"வாங்க, மாடிக்குப் போகலாம்" என்று அவன் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போனான்.

அப்படியும் அவள் காத்திருந்தாள், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர்களை மாடியில் விட்டுவிட்டு ஏதாவது சாக்கு சொல்லிப் பின்படி வழியாக ஓடி வருவான் என்று எதிர்பார்த்தாள். தலைக்கு மேலே அவன் குரல் கேட்டது. அவன் கதைகள் அவளுக்கு மனப்பாடம், எது எத்தனை நிமிஷம் என்றுகூடத் தெரியும். படியில் பாடகி, ஆறு நிமிஷம். கண்ணாடியைத் துடைக்கும் கை, நாலு நிமிஷம். இப்போது வந்துவிடுவான் என்று அவள் நினைத்தபோது, பால்கனியில் அவன் இருமிக் காட்டும் சத்தம் கேட்டது. மழைக்காலம் இல்லை. வெளியே வெயில் பொளந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அந்தக் கிழவரையும் சேர்த்துச் சொன்னான்! மேலே ஒரே சிரிப்பு.

விரல்கள் முதலில் தீயாக எரிந்தன. பிறகு குளிர்ந்தன. பிறகு அங்கே விரல் இருப்பதே தெரியவில்லை. வலி நின்றதும்தான் அவளுக்கு உண்மையாகப் பயம் வந்தது.

மண்டபத்தில் செருப்புச் சத்தம். ஒரே ஒருத்தருடையது. அக்கா இடைவெளியில் கண்ணை வைத்தாள். தலைவரின் தங்கை நின்றுகொண்டிருந்தாள், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"ஐயா" என்று அவள் மெதுவாகக் கூப்பிட்டாள். "துருத்திக்காரர் ஐயா."

"அம்மா, நான் மனுஷிம்மா!" அக்காவின் தொண்டை கட்டிப்போயிருந்தது. வந்தது காற்றுதான். "காப்பாத்தும்மா."

அந்தப் பெண் இரண்டு அடி பின்னால் போனாள். ஓடிவிடுவாள் என்று அக்கா பயந்தாள். ஓடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மேல எல்லாரும் சிரிக்கிறாங்க, எனக்கு மனசே கேட்கலை. உங்களுக்கு நிம்மதி கிடைக்க நான் என்ன செய்யணும், சொல்லுங்க" என்றாள்.

பேய் என்றால் பேய். அதற்கு மேல் வாதாட அக்காவிடம் தெம்பு இல்லை.

"சிவப்பு விசை" என்றாள். "கட்டைக்குப் பக்கத்தில. அதைப் போடு தாயே."

அவள் கண்ணைத் திறந்து, தேடி, போட்டாள்.

எங்கோ கீழே மின்விசிறி உறுமத் தொடங்கியது. துருத்தி ஒரு பெருமூச்சு விட்டு, மெல்ல மெல்லப் பலகையைத் தூக்கியது. அக்கா கையை உருவினாள். அது அவள் கைபோலவே இல்லை. நசுங்கிக் கறுத்துப்போய், வேறு யாருடையதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. ஆட்டிப் பார்த்தாள். கட்டைவிரல் அசைந்தது. மற்றவை அசையவில்லை.

சத்தம் கேட்டு மாடியில் இருந்தவர்கள் திமுதிமுவென்று இறங்கி வந்தார்கள். அவர்கள் மேடைக்கு வரவும், அக்கா உள்ளிருந்து சின்னக் கதவை ஒரு உதை விடவும் சரியாக இருந்தது. நாற்பது வருஷத்துப் பூட்டு கொண்டியோடு பெயர்ந்து தரையில் விழுந்தது. பசையும் தூசும் ரத்தமுமாக அவள் வெளியே வந்து, கட்டைகளுக்கு முன்னால் வாசிப்பவர் உட்காரும் பலகையில் உட்கார்ந்தாள்.

தலைவரின் தங்கை அவளையே பார்த்தாள். பிறகு "ஐயோ, மனுஷி!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்து, தன் துப்பட்டாவை உருவி அந்தக் கையில் சுற்றினாள்.

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரு இந்தம்மா? உள்ளே எப்படி வந்தாங்க?" என்று தம்பியைக் கேட்டார்.

தம்பி அக்காவைப் பார்த்தான். அந்தத் துணியில் ரத்தம் ஊறுவதைப் பார்த்தான். ஒரு வார்த்தை, அவளை இன்னாரென்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், மற்ற எல்லாவற்றையும் அவள் அந்த நிமிஷமே மன்னித்திருப்பாள். அவ்வளவு பைத்தியக்காரி அவள்.

"தெரியலை சார்" என்றான் தம்பி. "நான் பார்த்ததே இல்லை. பின்பக்க ஜன்னல் வழியா நுழைஞ்சிருக்கணும். ஈயக் குழலுக்கு வெளியில நல்ல கிராக்கி சார். திருட வந்து மாட்டிக்கிட்டாங்க போல."

"திருடியா இருந்தா என்ன, கையைப் பாருங்க!" என்று தலைவரின் தங்கை சீறினாள். "அம்மா, எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம். உங்க வீட்ல யாரையாவது கூப்பிடணுமா? நம்பர் சொல்லுங்க, நான் பேசுறேன். யார் இருக்காங்க உங்களுக்கு?"

அக்கா துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கூடப்பிறந்தவன் ஒருத்தன் இருந்தான்மா. அவன் செத்துட்டான்."

"அடப்பாவமே. எப்போ?"

"இன்னைக்குத்தான். பதினொண்ணே கால் இருக்கும்."

"இன்னைக்கா? ஐயையோ, எப்படிம்மா?"

"நல்லாத்தான் நின்னுக்கிட்டிருந்தான். கை விசைக்கிட்ட இருந்துச்சு. அப்படியே செத்துட்டான்."

வலியில் பிதற்றுகிறாள் என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் எழுந்தாள், தள்ளாடினாள், தலைவரின் தங்கை தாங்கிக்கொண்டாள்.

"அக்கா..." என்று தம்பியின் வாயிலிருந்து வந்துவிட்டது.

தலைவர் அவன் பக்கம் திரும்பினார். "அக்காவா? தெரியாதுன்னீங்க?"

மண்டபமே அவனைப் பார்த்தது. அக்காவும் பார்த்தாள்.

"இல்ல சார்" என்றான் தம்பி. "வயசுல பெரியவங்க. சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னேன்."

அக்கா அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.